குழந்தைக்கு லாரிஞ்சியல் மாஸ்க் வைக்க வாயுவா, ஊசி மருந்தா?

மயக்கத்தில் இருப்பவரின் தொண்டைக்குள் வைத்து, குரல்வளைக்கு மேல் பொருந்தி மூச்சுக்கு வழி தரும் குழாய்தான் லாரிஞ்சியல் மாஸ்க். குழந்தைகளுக்கு அதை வைக்க நான் பல வருடம் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவையே நம்பியிருந்தேன். இப்போது, ஐ.வி. லைன் (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போட முடிகிற குழந்தை என்றால் புரோப்போஃபால் என்ற மயக்க ஊசி மருந்துதான்.

வாயுவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விழித்திருக்கும் குழந்தையைக் குத்த வேண்டாம். செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயுவைப் போல மூச்சுப்பாதையை உறுத்தாது. 8 சதவீதம் வைத்தால் சீக்கிரமே கண் சொருகிவிடும், மூச்சும் தானாக ஓடும். புரோப்போஃபாலின் குறைகளும் தெரிந்தவையே: ஏறும்போது எரிச்சல், இரத்த அழுத்தத்தில் சரிவு, கொஞ்ச நேரம் மூச்சு நிற்பது.

என்னை மாற்றியது மாஸ்க்கை உள்ளே தள்ளும் அந்தச் சில நொடிகள். வாயுவில் கண் மூடுவதற்கும் தொண்டை அடங்குவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. மானிட்டரில் தெரியும் அளவு, வெளிவரும் மூச்சில் இருக்கும் அளவு. மூளை அதை எட்டிப் பிடிக்க இன்னும் நேரம் வேண்டும். கண் மூடிவிட்டதே என்று அவசரப்பட்டால் குரல்வளை இறுகிக்கொள்ளும்.

எனக்கு அது நடந்தது, 16 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு. சளி விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. 2ஆம் எண் மாஸ்க்கை வைத்தேன். நெஞ்சு உள்ளே இழுத்தது, சத்தமே இல்லை. கையிலிருந்த மூச்சுப் பை அசையவில்லை, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபின் கோடு தட்டையாகிவிட்டது. மாஸ்க்கை எடுத்துவிட்டு, தாடையைத் தூக்கிப் பிடித்து, முழு ஆக்சிஜனை அழுத்தமாகக் கொடுத்தபடி நான் நிற்க, உதவியாளர் கொழுகொழுவென்றிருந்த புறங்கையில் நரம்பு தேடினார். அப்போது எனக்கு அவசரமாகத் தேவைப்பட்ட மருந்து எது? புரோப்போஃபால். அது சிரிஞ்சில் தயாராகத்தான் இருந்தது, போட வழிதான் இல்லை. கடைசியில் கணுக்காலில் லைன் கிடைத்தது, குழந்தை நலமாகவே வீடு திரும்பியது. ஆனால் கணுக்காலில் விரல் வைத்துத் தேடிய அந்த நேரம் எனக்கு மறக்கவில்லை.

புரோப்போஃபால் தொண்டையின் எதிர்வினைகளை நன்றாகவே அடக்கிவிடும். கிலோவுக்கு 3 முதல் 4 மில்லிகிராம் கொடுத்துவிட்டுத் தாடையைத் தொட்டுப் பார்த்தால் தளர்ந்து கொடுக்கும். மாஸ்க் மேலண்ணத்தை ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். மூச்சு நிற்கிறதே என்றால், சில முறை பையை அழுத்தினால் போதும், அதற்கு நாம் தயாராகத்தானே நிற்கிறோம். ஏதாவது கோளாறு என்றாலும் லைன் கையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூச்சுப் பிரச்சினைக்கு வாய்ப்பு அதிகமுள்ள சுமார் 300 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். வாயு பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கும் ஊசி மருந்து பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கும் மூச்சு சார்ந்த சிக்கல் வந்தது. சளி பிடித்து விட்ட குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இது பெரிய வித்தியாசம்.

செவோஃப்ளூரேனில் எழும் சின்னக் குழந்தைகள் சிலர் யாரையும் அடையாளம் தெரியாமல் கத்திப் புரளுவார்கள், அதைப் பார்க்கும் அம்மா கலங்கிப்போவார். புரோப்போஃபாலில் இது குறைவு. ஆனால் புரோப்போஃபாலில் தொடங்கி வாயுவில் தொடர்ந்தால் இந்த லாபம் முழுதாகக் கிடைக்காது. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா (மயக்க வாயு பட்டால் உடல் சூடு ஆபத்தாக ஏறும் கோளாறு) சந்தேகம் இருந்தால் வாயு என்ற பேச்சே கிடையாது.

5 கிலோவுக்குக் குறைந்த பச்சிளம் குழந்தைகளை நான் அதிகம் பார்த்ததில்லை, அங்கே என் விருப்பத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சுப்பாதை கடினமாக இருக்கும் என்று முன்பே தெரிந்த குழந்தைக்கும் மூச்சை நிறுத்த மனம் வராது, வாயுவில்தான் தொடங்குவேன்.

அப்புறம், குத்துகிற வலி. மரத்துப்போகச் செய்யும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இடங்களில் தடவச் சொல்லிவிடுகிறேன். அதையும் மீறிக் குழந்தை மிரண்டாலோ நரம்பே தெரியாவிட்டாலோ சரி, வாயுதான். ஆனால் கண் மூடியதும் மாஸ்க்கைத் தொடுவதில்லை. முதலில் லைன், பிறகு கிலோவுக்கு 1 மில்லிகிராம் புரோப்போஃபால், தாடை தளர்ந்ததா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அதன் பிறகே மாஸ்க்.