கிறிஸ்துமஸ் மாஸ் என்று வந்தது மதில்சுவர்ப் பாசி

மீன்தொட்டிக்கு 'கிறிஸ்துமஸ் மாஸ் ஒட்டிய கட்டை' ஆன்லைனில் வாங்குபவர்கள் கவனம். கிறிஸ்துமஸ் மாஸ் என்பது தண்ணீருக்குள் வளரும், பொடி இலைகள் கொண்ட அலங்காரப் பாசிச் செடி. மழைக்காலத்தில் மதிலிலும் ஓட்டிலும் படரும் நிலப்பாசியைப் பெயர்த்து, சூப்பர் குளூ போட்டுக் கட்டையில் ஒட்டி அனுப்புகிறார்கள். ஆல்காவுக்கும் மாஸுக்கும் நாம் 'பாசி' என்ற ஒரே சொல்லைச் சொல்வது இவர்களுக்கு ரொம்ப வசதி.

அப்படி வந்த ஒரு கட்டையின் கதி இது. தண்ணீரில் இறக்கியதும் பாசிமேல் வெள்ளிப் பூச்சுபோல் காற்று ஒட்டி நின்றது. முதல் வாரம் பச்சை மாறவில்லை, ஏமாறுவது இங்கேதான். பத்தாம் நாள் அடி பழுத்தது, மூன்றாம் வாரம் தொட்டால் கூழ். அழுகலில் அமோனியா ஏறி, செர்ரி இறால்கள் செத்தன. விற்றவர் பதில்: "உங்க தண்ணி சரியில்ல, கார்பன் டை ஆக்சைடு போடுங்க." தொட்டியில் வளர்க்கும் இன்னொரு வகையான ஜாவா மாஸுக்கும் கிறிஸ்துமஸ் மாஸுக்கும் அது கட்டாயமே இல்லை, சாதாரண விளக்கு போதும்.

பார்சல் பிரித்ததும் அடியைப் புரட்டுங்கள். மண், சுண்ணாம்புத் துகள், அடர்ந்த பழுப்பு வேரிழை இருந்தால் அது சுவரிலிருந்து வந்தது. நிலப்பாசி பெரும்பாலும் வெல்வெட் துணிபோல் நெட்டுக்குத்தாக நிற்கும். நீருக்குள் வளர்ந்த மாஸை வெளியே எடுத்தால் ஈரத் தலைமுடிபோல் துவண்டுவிடும். கிறிஸ்துமஸ் மாஸின் கிளைகள் முக்கோணமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஆனால் சில நர்சரிகள் நல்ல மாஸையே தண்ணீருக்கு வெளியே வளர்க்கின்றன, அதுவும் விறைப்பாகத்தான் வரும். அதனால் பார்வையை மட்டும் நம்பாமல் தனி வாளியில் மூன்று வாரம் போடுங்கள்: 22–28 டிகிரி, வாரம் இருமுறை பாதித் தண்ணீர் மாற்றம். பழைய தண்டில் இளம்பச்சை நுனி கிளம்பினால் தொட்டிக்கு மாற்றலாம். நத்தை முட்டையும் அதற்குள் கண்ணில் பட்டுவிடும்.

'மாஸ் விதை' பொட்டலம் முழுப் பொய். மாஸுக்கு விதையே கிடையாது. முளைப்பதில் இரண்டு வித்திலை தெரிந்தால் அது ஏதோ பூக்கும் செடி.

வாங்கும்முன் அதே கட்டை தண்ணீருக்குள் இருக்கும் வீடியோ கேளுங்கள். சென்னைக்காரர்கள் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால் தொட்டியிலேயே பார்த்து எடுக்கலாம். ஒட்டிய கட்டை எதற்கு, ஒரு பிடி உதிரி மாஸ் வாங்கி, உங்களிடம் உள்ள கட்டையிலோ கல்லிலோ அடி தெரியுமளவு மெல்லிசாகப் பரப்பிப் பருத்தி நூலால் சுற்றுங்கள். தடிமனாக அப்பினால் நல்ல மாஸும் வெளிச்சமில்லாமல் அடியில் அழுகும்.

ஏற்கெனவே போட்டு, பழுக்க ஆரம்பித்திருந்தால், கட்டையை இன்றே எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பில்டர் ஸ்பாஞ்சில் சிக்கிய துணுக்குகளை, தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த தண்ணீரில் பிழிந்து எடுங்கள், குழாயில் கழுவ வேண்டாம்.