புதுப் பச்சைக்கு ஒட்டும் கண்ணாடிப் படலம்: வன்னிப் புழுதிக்குத் தாக்குப்பிடிக்குமா?

பச்சை குத்தின கையில் வாஸ்லினைப் பூசி, பொலித்தீன் சுற்றி அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. பொலித்தீன் வீடு வந்து சேரும்வரைக்கும்தான். அதற்கு மேல் விட்டால் வியர்வை தேங்கி, தோல் ஊறி வெளிறிவிடும். இந்த இடத்துக்குத்தான் பொலியூரிதேன் படலம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றின இடத்தில் கண்ணாடி மாதிரி ஒட்டுவார்களே, அதே சாமான். டெகாடேர்ம் என்பது அந்த ஆஸ்பத்திரி வகை. சானிடேர்ம் பச்சைக்கென்றே வருவது. உள்ளிருக்கும் நீராவி வெளியேறும். வெளித் தண்ணீரும் கிருமியும் உள்ளே வராது.

வீட்டோடு இருந்து ஆறவிடக்கூடியவருக்கு இது வீண் செலவு. கச்சான் காற்றில் செம்மண் புழுதி கிளம்பும் றோட்டால் மோட்டார் சைக்கிளில் ஓடித் திரிகிறவருக்கோ கொடுக்கிற காசுக்குப் பெறுமதி உண்டு.

ஒட்டுகிற விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறார்கள். வாசனையில்லாத சவர்க்காரத்தால் கழுவி, ரிஷூவால் ஒற்றி, பத்து நிமிடம் காற்றாட விடவேண்டும். கிறீம், எண்ணெய் எதுவும் கூடாது. பூசினால் பசை பிடிக்காது. பச்சையைச் சுற்றி 2.5 சென்ரிமீற்றர் நல்ல தோல் வேண்டும். ஆகவே 10க்கு 12 அளவுத் துண்டு 5க்கு 7 சென்ரிமீற்றர் படத்துக்குத்தான் காணும். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர் மூலைதான் சட்டைக் கையில் உரசி முதலில் கிளம்பும்.

முதல் நாள் உள்ளே கறுப்புச் சாறு சேரும், பார்க்கச் சாயம் கூடின பிளேன்ரீ மாதிரி. மையும் தோலிலிருந்து கசியும் ஊனீரும் கலந்தது; பயப்பட ஒன்றுமில்லை. 24 மணித்தியாலத்தில் கழற்றிக் கழுவிப் புதியதை ஒட்டினால் அது மூன்று முதல் ஐந்து நாள் நிற்கும். ஆனால் சாறு ஓரத்தால் கசிந்தால் அந்த வழியால் கிருமியும் போகும். மேலால் பிளாஸ்டர் போட்டு மறைக்காமல் உடனே கழற்றவேண்டும்.

வியர்வைதான் இதற்கு எதிரி. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் வன்னி வெயிலுக்கு ஒரு நாள் நின்றாலே பெரிய காரியம். சிலருக்குப் பசை ஒத்துக்கொள்ளாது. படலத்தின் விளிம்பு போட்ட கட்டத்துக்குள் அப்படியே சிவந்து கடித்தால் அது பசையின் வேலை. கழற்றிவிட்டு, கழுவி லோஷன் பூசும் சாதாரண முறைக்குப் போங்கள்.

கழற்றும்போது மேலே இழுக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஓடவிட்டு, ஓரத்தைத் தோலோடு படுக்கையாக நீட்டினால் பசை தானாக விடும்.

பிறகு நாளுக்கு இரண்டு தரம் கழுவி, உள்ளங்கை அளவுப் பச்சைக்குக் குண்டுமணியளவு வாசனையில்லா லோஷன். கூடப் பூசினால் வேர்க்குரு மாதிரிப் பொரியும். மஞ்சள் வேண்டாம், வீட்டுத் தேங்காயெண்ணெயும் வேண்டாம். செதில் உரியும்போது நகம் படக்கூடாது. பொருக்கோடு மையும் வந்துவிடும். இரணைமடுவோ முல்லைத்தீவுக் கடலோ, மூன்று நான்கு கிழமைக்கு இறங்கவேண்டாம். படலம் ஒட்டியிருக்கிறதே என்று வயலுக்குள்ளும் இறங்கவேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி சேற்றிலிருந்து உடைந்த தோலால் புகும். காலபோகத்தில் வயல் வேலை இருக்கிறவர் குத்துகிறதையே தள்ளிப்போடுவது நல்லது.

மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்புப் பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், சிவந்த கோடு மேல்நோக்கி ஏறினால், படலத்தைக் கழற்றி அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதன்மேல் இன்னொன்று ஒட்டினால் சீழை மூடிக் காப்பாற்றுவதாகத்தான் முடியும்.

வாங்கும்போது தனித்தனி உறையில் அடைத்ததாக இரண்டு துண்டு போதும். உறையில் காலாவதித் திகதியைப் பாருங்கள். திறந்த சுருளிலிருந்து வெட்டித் தருவதை எவ்வளவு மலிவென்றாலும் எடுக்காதீர்கள்.