ஒட்டுமர உத்திரங்களுக்கு அடியில் 9 ஆண்டுகள்

மாடித் தளத்தையும் கூரையையும் மர உத்திரங்களில் நிறுத்தி 9 ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு முதலில் கேட்பது, "தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்றுதான். இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தொல்லை கொடுத்தது தண்ணீரும், குழாய் வேலைக்கு வந்த ஒருவரின் ரம்பமும்தான்.

பெரிய உத்திரங்கள் மொத்தம் 8. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 14 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். ஒரே கட்டையில் அறுத்தவை அல்ல. உலர்த்திய பலகைகளை இழை ஒரே திசையில் ஓடும்படி அடுக்கி, பசையிட்டு அழுத்திய குளூலாம். ஏதோ புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஓட்டோ ஹெட்சர் 1906-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கணுவும் பிளவும் ஒரே இடத்தில் சேராமல் அடுக்குகளில் சிதறிவிடுவதால், எந்த உத்திரம் எவ்வளவு தாங்கும் என்று நம்பிக் கணக்குப் போட முடிகிறது. பெரிய உத்திரங்களுக்கு நடுவே ஐ-ஜாயிஸ்டுகள்: மேலும் கீழும் கட்டை, இடையில் மெல்லிய ஓ.எஸ்.பி. பலகை, அதாவது மரச் சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை.

ஒரு உத்திரத்தின் எடை சுமார் 135 கிலோ. ஆறு பேர் தூக்கி வைத்தார்கள். அதே அளவு கான்கிரீட் என்றால் 700 கிலோவைத் தாண்டியிருக்கும். முட்டுக் கொடுத்து, நீர் ஊற்றி, நாள் எண்ணிக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

சுற்றுச்சூழல் கணக்குக்கு வருகிறேன். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அப்படிப் பார்த்தால், கார்பனோடு சேரும் ஆக்சிஜனின் எடையையும் கூட்டினால், இந்த 8 உத்திரங்களுக்குள் கிட்டத்தட்ட 2 டன் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. பசை, உலர்த்தும் சூளை, லாரி ஆகியவற்றின் பங்கை இதிலிருந்து கழிக்க வேண்டும். மரம் மட்கினாலும் எரிந்தாலும் அந்த வாயு திரும்பக் காற்றுக்கே போய்விடும். வெட்டிய காட்டில் மறுபடி மரம் வளர்கிறதா என்பதும் முக்கியம், அதனால்தான் பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்தது என்று காட்டும் எஃப்.எஸ்.சி. சான்று உள்ள மரமாகக் கேட்டு வாங்கினோம்.

மூன்றாம் ஆண்டில் கீழ்த்தள நிலைக்கதவு ஒன்று இறுக ஆரம்பித்தது. நூல் கட்டிப் பார்த்தால், முதலாண்டு 6 மி.மீ. தொய்ந்திருந்த உத்திரம் இப்போது 9 மி.மீ. மரத்தின் சுபாவமே அப்படி. பாரம் நிரந்தரமாக இருக்க இருக்க மெல்ல மெல்ல இன்னும் கொஞ்சம் வளையும். பொறியாளர் இதை முன்பே கணக்கில் சேர்த்திருந்தார். ஆனால் கதவுக்கு மேல் இடைவெளி விடச் சொல்லி ஆசாரியிடம் யாரும் சொல்லவில்லை! அதற்கப்புறம் தொய்வு கூடவில்லை.

ஐந்தாம் ஆண்டில் வந்ததுதான் உண்மையான தலைவலி. மாடிக் குளியலறையில் ஓடுகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூசண வாடைதான் காட்டிக்கொடுத்தது. சுவருக்குள் செருகியிருந்த உத்திர முனையில் ஈரமானியைக் குத்தினால் 26 சதவீதம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 12 அளவில்தான் இருக்கும். 20-ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எங்கள் தவறு, முனையைச் சுற்றிக் கலவையை இறுக அடைத்தது. இழைகளின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சுகிற வேகமே தனி. சுவரைக் குடைந்து முனையைச் சுற்றி 2 செ.மீ. காற்று இடைவெளி விட்டு, அடியில் ஈரம் ஏறாத தகடு வைத்தோம். 14-க்கு இறங்க மூன்று மாதம் ஆனது. நல்ல வேளை, மட்கல் உள்ளே போகவில்லை.

அந்தக் கசிவைச் சரிசெய்ய வந்தவர்தான் ரம்பக்காரர். குழாய்க்கு வழி வேண்டும் என்று ஒரு ஐ-ஜாயிஸ்டின் கீழ்க்கட்டையை அறுத்துவிட்டார். நடுப்பலகையில், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் துளை போடலாம். கீழ்க்கட்டையைத் தொடவே கூடாது. இழுவிசை முழுவதும் அங்கேதான். இரு பக்கமும் வலுப்பலகை வைத்துத் திருகி ஒப்பேற்றினோம். இப்போது யார் வேலைக்கு வந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்க வைத்து, அறுக்கக்கூடாத இடங்களைக் காட்டிவிடுகிறேன்.

சரி, தீ. தடித்த மரம் நிமிடத்துக்கு சுமார் 0.7 மி.மீ. வீதம் கருகும், அந்தக் கரியே உள்ளே இருப்பதற்குக் கவசமாகிவிடும். அரை மணி நேரத்தில் பக்கத்துக்கு 2 செ.மீ. போனாலும் நடுவில் 10 செ.மீ. மிஞ்சும். எஃகோ 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதி வலுவை இழந்துவிடும். ஆனால் இந்தத் தைரியம் பெரிய உத்திரங்களுக்கு மட்டும். ஐ-ஜாயிஸ்டின் மெல்லிய பலகை சீக்கிரம் எரிந்துவிடும். அடியில் ஜிப்சம் பலகை இல்லாமல் அதை விடாதீர்கள்.

காலடிச் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை. மாடியில் குழந்தைகள் ஓடினால் கீழே முரசு. கனமான அடுக்கு ஒன்றைத் தரையோடு சேர்த்திருக்க வேண்டும். செலவு பார்த்து விட்டுவிட்டோம். இழையோடு போகும் மயிரிழை விரிசல்களும் வறண்ட நாட்களில் கேட்கும் 'டக்' சத்தமும் மரம் காய்வதால் வருபவை, பயப்பட வேண்டியதில்லை. கரையான் விஷயத்தில் மட்டும் பசை எந்தப் பாதுகாப்பும் இல்லை; மருந்து ஏற்றிய மரமாக வாங்கி, தூண்களைத் தரையிலிருந்து உயர்த்தி எஃகுக் காலணியில் நிறுத்தினோம்.

குளியலறைச் சுவரில் குடைந்த இடத்தை மறுபடி பூசவில்லை. ஒரு சின்னக் கதவு போட்டிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் திறந்து ஈரமானியைக் குத்துவேன். இந்த முறை 13.