கரண்ட் வைக்கும்முன் எந்தப் படம்?

சித்தப்பாவுக்கு நாக்கில் புற்று. தங்கச்சிமடத்திலிருந்து மதுரை போய் அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு தவிர தினமும் என்று 33 முறை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தோம். அப்போது டாக்டர்களிடமும் டெக்னீஷியன்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை, பாம்பன் பாலம் தாண்டி இதே வைத்தியத்துக்குப் போகிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், திட்டம் போட எடுக்கும் படம். சிடியா, எம்ஆர்ஐயா, பெட் ஸ்கேனா என்று பலரும் கேட்கிறார்கள். கதிர் எங்கே எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட, திசுவின் அடர்த்தியைக் காட்டும் சிடிதான் அடிப்படை. ஆனால் சிடியில் நாக்கும் கட்டியும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் படமே கீற்றுக் கீற்றாகிவிடும். கட்டியின் ஓரம் எம்ஆர்ஐயில்தான் தெளியும். பெட் ஸ்கேன், சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைக் காட்டும். கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நல்லது. வெறும் அழற்சியும் அதில் ஒளிரும் என்பதை மறக்கக் கூடாது.

சரி, உண்மையான போட்டி அப்புறம்தான் வருகிறது. தினமும் மெஷினில் படுத்த பிறகு, திட்டமிட்ட இடத்தில்தான் ஆள் இருக்கிறாரா என்று எதை வைத்துப் பார்ப்பது?

தட்டையான எக்ஸ்-ரே சீக்கிரம் முடியும். ஆனால் அது எலும்பைத்தான் ஒத்துப் பார்க்கும். கோன் பீம் சிடியில், கரண்ட் வைக்கும் மெஷினே ஆளைச் சுற்றி வந்து ஒரு நிமிடம் போல எடுத்துக்கொண்டு முப்பரிமாணப் படம் தருகிறது. சாதாரண சிடி அளவுக்குத் தெளிவு கிடையாது; மூச்சில் அசையும் நெஞ்சும் வயிறும் கலங்கலாகத்தான் தெரியும். இருந்தும் நான் இதன் பக்கம்தான்.

சித்தப்பாவின் முகத்தை அசையாமல் பிடிக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் மாஸ்க்கை அளவெடுத்துச் செய்திருந்தார்கள். முதல் வாரம் அதைக் கழற்றினால் நெற்றியிலும் கன்னத்திலும் வலைக்கண் பதிந்திருக்கும். கஞ்சிகூட இறங்காமல் ஆள் மெலிந்துபோக, நாலாவது வாரம் அந்தத் தடமே இல்லை. அன்றைய கோன் பீம் படத்தில் தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே கறுப்பாக ஒரு விரல் இடைவெளி. எலும்பு சரியாகத்தான் பொருந்தியிருந்தது. சதை வற்றினால் எச்சில் சுரப்பி உள்பக்கம் நகர்ந்து, அதிகக் கதிர் விழும் இடத்துக்கு வந்துவிடலாம் என்றார் டாக்டர். மறுபடி சிடி எடுத்து, புது மாஸ்க் செய்து, திட்டத்தையும் மாற்றினார்கள்.

எம்ஆர்ஐயும் கரண்ட் மெஷினும் ஒன்றான எம்ஆர் லினாக்கும் இருக்கிறது. கதிர் பாயும்போதே கட்டி அசைவதைப் பார்க்கலாம், படத்துக்கென்று தனிக் கதிர் கிடையாது. கணையம், ஈரல் போன்ற அசைகிற உறுப்புகளுக்கு அது பெரிய பலம். ஆனால் விலை மிக அதிகம். ஒருவரே அரை மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டியிருப்பதால் ஒரு நாளில் கொஞ்சம் பேருக்குத்தான் முடியும். நாக்குப் புற்றுக்காக அதைத் தேடி அலைவதைவிட, “கோன் பீம் தினமும் எடுப்பீர்களா, வாரம் ஒரு தடவையா?” என்று கேட்பது நமக்கு உதவும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு இது இன்னும் முக்கியம். மூத்திரப்பை நிறைவதைப் பொறுத்துக் கர்ப்பப்பையே இடம் மாறும். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் நம் பெண்கள், வழியில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. காலிப் பை கோன் பீமில் தெரிந்தால் இறக்கி, தண்ணீர் கொடுத்து, காத்திருந்து ஏற்றுவார்கள். அதனால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, அக்கா, குடித்துவிட்டுப் படுங்கள்.