மார்க் வராத எம்.எஸ்சி.: வட இங்கிலாந்தில் என் ஒரு வருடப் படிப்பு

இந்த மாதம் மட்டும் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "அக்கா, நீங்க படிச்ச யுனிவர்சிட்டி எப்படி, சேரலாமா?" ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த வருடம் பிரிட்டனில் எங்கே சேர்ந்திருந்தாலும் நடந்திருக்கக்கூடியதுதான். வட இங்கிலாந்து, பொதுச் சுகாதாரத்தில் எம்.எஸ்சி., 2022 செப்டம்பர் சேர்க்கை. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் கொடுக்கிறேன்.

முதலில் காசு. ஃபீஸ் 21,000 பவுண்டு. ஒரு பவுண்டை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21 லட்சம். கோவில்பட்டியில் அம்மா பேரில் இருந்த மனையை வைத்து வங்கிக் கடன். ஆய்வேட்டுக்கான மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் வகுப்புகளுக்கு 14,000 பவுண்டு. அட்டவணைப்படி மொத்தம் 200 மணி நேரம் வகுப்பு. அதாவது மணிக்கு 70 பவுண்டு, ஏழாயிரம் ரூபாய். சேர்ந்த முதல் வாரமே இந்தக் கணக்கைப் போட்டு நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அது தேவையில்லாத வேலை, அதற்கப்புறம் ஒரு வகுப்பில்கூட நிம்மதியாகக் கொட்டாவி விட முடியவில்லை.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நூலகம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஹீட்டர் ஓடும். வாடகை வீட்டில் ஹீட்டர் போடப் பயந்த குளிர்காலத்தில் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். புள்ளியியல் எடுத்த ஆசிரியை மாதிரி ஒருவரை நான் ஊரில் பார்த்ததில்லை. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ எந்தக் குழாயடிப் பக்கம் சாவு அதிகம் என்று வரைபடத்தில் குறித்தாரே, அந்தக் கதையை எல்லாப் புத்தகமும் சொல்லும். இவர் வரைபடத்தை எங்கள் கையில் கொடுத்து, "குழாயைச் சந்தேகப்படாமல் இருக்கக் காரணம் தேடுங்கள்" என்றார். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். எழுபது பவுண்டும் செரித்த வகுப்பு அது.

இனி வேலைநிறுத்தம். யூசியூ என்கிற ஆசிரியர் சங்கம் 2022 நவம்பர் 24, 25, 30 ஆகிய மூன்று நாள் 150 பல்கலைக்கழகங்களில் வேலைநிறுத்தம் செய்தது. பிறகு 2023 பிப்ரவரி, மார்ச்சில் 18 நாள் அறிவித்து, பேச்சுவார்த்தைக்காக நடுவில் சில நாள்களை நிறுத்தி வைத்தார்கள். சம்பளம், 2022 ஏப்ரலில் வெட்டப்பட்ட பென்ஷன், வேலைப்பளு, மணிக்கூலி ஒப்பந்தம், இவைதான் காரணம். எங்களுக்குப் புள்ளியியல் இரண்டாம் பருவத்தில் வியாழக்கிழமை: காலையில் இரண்டு மணி நேரம் பாடம், மதியம் இரண்டு மணி நேரம் லேப். பிப்ரவரி 9 வியாழன். 16 வியாழன். மார்ச் 16, அதுவும் வியாழன். பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த மாதிரி எல்லாம் எங்கள் தலையில் விழுந்தது.

அங்கே ஒரு விசித்திரம் உண்டு. சங்கம் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆனால் தனிப்பட்ட ஆசிரியர் தான் கலந்துகொள்ளப்போவதை முன்னாடியே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வகுப்பு உண்டா இல்லையா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். பஸ்ஸுக்கு இரண்டு பவுண்டு கொடுத்துப் போய்ப் பூட்டிய அறையைப் பார்த்துவிட்டு, இன்னொரு இரண்டு பவுண்டு கொடுத்துத் திரும்ப வேண்டும். (டிக்கெட்டுக்கு உச்சவரம்பே இரண்டு பவுண்டு என்று அந்த ஜனவரியில் அரசாங்கம் குறைத்திருந்தது, இல்லாவிட்டால் இன்னும் எரிச்சலாகியிருக்கும்.)

பிப்ரவரி 9 காலை வாசலில் என் ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். பச்சை மழைக்கோட்டு, கையில் சங்கத்தின் தட்டி, காலடியில் ஒரு ஃப்ளாஸ்க். என்னைப் பார்த்ததும் தட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். கோபமாகக் கேட்கத்தான் போனேன், வாயில் பிஸ்கட் இருந்தது. பக்கத்தில் நின்ற லேப் ட்யூட்டர் பையன் பிஎச்.டி. மாணவன். மணிக்கணக்கில்தான் கூலி, திருத்துகிற நேரத்துக்குப் பாதிகூடத் தருவதில்லை என்றான். ஊரில் நான் படித்த கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு வெளியே உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அப்போது எங்களுக்கு அது ஃப்ரீ ஹவர், கேன்டீனுக்குப் போனோம். ஃபீஸ் சில ஆயிரம்தான் என்றால் ஒரு வகுப்பு போவது வலிக்காது போலிருக்கிறது.

விட்டுப்போன வகுப்பைத் திரும்ப எடுக்கவில்லை. ஒருநாள் பொது மெயில் வந்தது: நடத்தாத பகுதி தேர்வில் வராது, கவலை வேண்டாம். வகுப்பில் பாதிப் பேர் கைதட்டாத குறை. விடுபட்டது லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அதாவது நோய் வருமா வராதா என்பதை எந்தக் காரணம் எவ்வளவு பாதிக்கிறது என்று கணக்கிடும் முறை. பொதுச் சுகாதாரம் படிப்பவருக்கு அது சமையலில் உப்பு மாதிரி. ஜூனில் ஆய்வேட்டுக்குத் தரவை எடுத்து உட்கார்ந்தால் தேவைப்பட்டது அதேதான். நள்ளிரவில் யூட்யூபில் யாரோ ஒரு டெல்லி பையன் சொல்லிக்கொடுத்ததை வைத்து முடித்தேன். அவருக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை அடித்துப்போட்டது வகுப்பு இல்லாதது அல்ல, மார்க் இல்லாதது. 2023 ஏப்ரல் 20இலிருந்து செப்டம்பர் 6 வரை 145 பல்கலைக்கழகங்களில் சங்கத்தினர் விடைத்தாள் திருத்துவதைப் புறக்கணித்தார்கள். அப்படிச் செய்தவர்களின் சம்பளத்தில் பல இடங்களில் பாதியைப் பிடித்தார்கள், சில இடங்களில் முழுசாகவே. ஜூலையில் போர்ட்டலைத் திறந்தால் முதல் பருவ மார்க் வரிசையாக இருக்கும், அதற்குக் கீழே இரண்டாம் பருவத்தின் நான்கு பாடத்துக்கும் வெறும் கோடு. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்ப்பேன்.

மார்க் வராவிட்டால் என்ன, ரெண்டு மாசம் கழிச்சு வரும் என்று அப்பா சொன்னார். அவருக்கு எப்படி விளக்குவது? பெயிலானால் மறுதேர்வு ஆகஸ்ட்டில். பாஸா பெயிலா என்று தெரியாமல் மறுதேர்வுக்குப் படிப்பதா, ஆய்வேட்டை எழுதுவதா? எந்தக் கட்டுரையில் என்ன தவறு செய்தேன் என்று யாரும் சொல்லாததால் அதே தவற்றோடு அடுத்ததை எழுதினேன். ஜூலை கடைசியில் ஒரு வேலைக்கு நேர்காணல் முடிந்து, இரண்டாம் பருவ மார்க் பட்டியல் கேட்டார்கள். கோடு போட்ட பட்டியலை அனுப்பினேன். ஒரு வாரம் காத்திருந்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் விசா. படிப்பை வெற்றிகரமாக முடித்தார் என்று பல்கலைக்கழகம் ஹோம் ஆபீஸுக்கு (அங்கே விசா கொடுக்கும் உள்துறைக்கு) சொன்ன பிறகுதான், படிப்பு முடிந்தும் அங்கேயே தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், அதுவும் மாணவர் விசா முடிவதற்குள். என்னுடையது 2024 ஜனவரி 27இல் முடிவதாக இருந்தது. புறக்கணிப்பு முடிந்த பிறகும் தேங்கிய தாள்கள் மலையாக இருந்தன. பருவ மார்க் அக்டோபரில் வந்தது, ஆய்வேட்டு மார்க் டிசம்பர் மூன்றாம் வாரம். என்னோடு படித்த இங்கிலாந்துப் பெண்ணுக்கும் இதே கோடுதான், இதே தாமதம்தான். அவள் அம்மா வீட்டில் இருந்துகொண்டு காத்திருந்தாள். நான் விமான டிக்கெட் விலையையும் விசா கட்டணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் குறை ஆசிரியர்கள் மேல் இல்லை. அந்த மழையில் நின்ற நாளெல்லாம் அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. பிடித்துவைத்த சம்பளம் எங்கே போனது என்று நிர்வாகத்திடம் கேட்டேன். 'மாணவர் அனுபவத்தை மேம்படுத்த' என்று பதில் வந்தது. அந்த வருடம் புதிதாக வந்த மேம்பாடு என்று என் கண்ணில் பட்டது மாணவர் மையத்தில் போட்ட பீன் பேக் இருக்கைகள்தான். சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு எழுதிய நான்கு மெயிலுக்கும் எல்லோருக்கும் அனுப்புகிற ஒரே பதில், மேலே யாருக்கு என்கிற பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒன்றில் அதைக்கூட மாற்றவில்லை, வேறு யாரோ ஒருவரின் பெயர் இருந்தது.

புகார் கொடுத்தேன். விட்டுப்போன 22 மணி நேரம், மணிக்கு 70, ஆக 1,540 பவுண்டு என்று என் நோட்டு அட்டைக் கணக்கையே இணைத்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றார்கள். 2015இன் நுகர்வோர் உரிமைச் சட்டம் மாணவருக்கும் பொருந்தும் என்று எழுதிய பிறகு நல்லெண்ணத் தொகை என்று 300 கொடுத்தார்கள். விசா கவலையில் வாங்கிக்கொண்டேன். நீங்கள் அவசரப்படாதீர்கள். உள்புகார் முடிந்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், மாணவர் புகார்களை விசாரிக்கும் ஓஐஏ என்கிற சுயாதீன அலுவலகத்துக்கு 12 மாதத்துக்குள் போகலாம், மாணவருக்குக் கட்டணம் கிடையாது. எந்த வகுப்பு, எந்தத் தேதி, என்ன பாடம் என்று அன்றன்றே குறித்து வையுங்கள். எனக்கு உதவியது அது ஒன்றுதான்.

சேரலாமா என்றால், பாடத்துக்காகச் சேரலாம். சேர்வதற்கு முன் ஒன்றை மெயிலில் எழுத்தாக வாங்குங்கள்: மார்க் எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் விசாவுக்கு என்ன செய்வீர்கள். போனில் சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டச் சான்றிதழ் தபாலில் வந்தது. போன மார்ச்சில் அதே சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து ஒரு மெயில், இந்த முறை என் பெயர் சரியாக இருந்தது. முன்னாள் மாணவர் நிதிக்கு மாதம் பத்து பவுண்டு தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.