ஒரே பொதுத்திறனா, பல சின்னத் திறன்களா?

கணக்கில் நன்றாகச் செய்யும் பிள்ளை பெரும்பாலும் மொழித் தேர்விலும் நன்றாகவே செய்யும். ஏன்? 1904-இல் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் சொன்ன பதில், எல்லாத் தேர்வுக்கும் அடியில் ஒரே பொதுத்திறன் இருக்கிறது, அதோடு ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு தனித்திறன்.

இன்னொரு உளவியலாளரான காட்ஃப்ரி தாம்சனுக்கு இது போதவில்லை. 1916-இல் அவர் பகடைகளை உருட்டிப் பார்த்தார். ஒவ்வொரு பகடையும் ஒரு சின்னத் திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பகடைகளின் கூட்டுத்தொகை ஒரு தேர்வின் மதிப்பெண், வேறு சிலவற்றின் கூட்டுத்தொகை இன்னொன்றின் மதிப்பெண். இரண்டிலும் சில பகடைகள் பொதுவாக வரும், அவ்வளவுதான். எல்லாத் தேர்வுக்கும் பொதுவான திறன் ஒன்று இல்லாமலே, ஸ்பியர்மன் கண்ட அதே ஒட்டுறவு வடிவம், அதாவது ஒரு தேர்வில் மதிப்பெண் கூடினால் மற்றதிலும் கூடும் போக்கு, வந்துவிட்டது!

ஆக, ஒட்டுறவு அட்டவணையை மட்டும் வைத்து இரண்டில் எது சரி என்று பிரிக்க முடியாது. ஒரு பிள்ளையின் திறனை ஒரே எண்ணில் சுருக்கிச் சொல்ல ஸ்பியர்மனின் விளக்கம் வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை மூளைக்குள் இருக்கும் ஒரு பொருளாக நினைத்து ஒரு குழந்தையை 'மந்தம்' என்று ஒதுக்கினால் எனக்கு மனசு பொறுக்காது. விளக்கம் என்று வந்தால் நான் தாம்சன் பக்கம். இத்தனைக்கும் எடின்பரோவில் பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் மோரே ஹவுஸ் தேர்வுகளை உருவாக்கியவரே அவர்தான்.