சிவப்பு வெளிச்சம் உள்ள தலை டார்ச்: இருட்டுக்குப் பழகிய கண்ணைக் காக்குமா?

நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் வாங்கும் தலை டார்ச்சுகளில் வெள்ளையோடு ஒரு சிவப்பு எல்இடியும் இருக்கும். அந்தச் சிவப்பு வெறும் அலங்காரம் இல்லை, நிஜமாகவே உதவும். பல டார்ச்சுகளில் அதைக் கெடுப்பது பல்பு அல்ல, பட்டன்.

இருட்டில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். அவற்றில் உள்ள ரொடாப்சின் என்ற நிறமி, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அது மறுபடி நிரம்ப அரைமணி நேரமாவது பிடிக்கும். நல்ல வெளிச்சத்தில் பார்வையும் நிறமும் தருபவை கூம்பு செல்கள்; இருட்டுக்குப் பழகுவதில் அவை பத்து நிமிடத்துக்குள் தங்கள் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு கூடுவதெல்லாம் குச்சி செல்களின் பார்வைதான். ரொடாப்சின் அதிகம் உறிஞ்சுவது 500 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்து நீலப்பச்சை ஒளியை. 650 நானோமீட்டர் சிவப்புக்குப் போனால் குச்சிகளின் உணர்திறன் உச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சிவப்பை உணரும் கூம்புகளுக்கோ அந்த ஒளி போதும். பொடி எழுத்தைப் படிக்கும் விழித்திரை நடுக்குழியில் குச்சியே கிடையாது, கூம்பு மட்டும்தான். அதனால்தான் சிவப்பில் வரைபடம் படித்துவிட்டு நிமிர்ந்தாலும் மங்கலான நட்சத்திரம் தெரிகிறது.

'சிவப்பு' என்று பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் போதாது. ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்படி வைத்தாலும், 620 நானோமீட்டர் எல்இடி 650-ஐவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாகக் குச்சிகளைத் தொந்தரவு செய்யும். அதைவிட மோசம், வெள்ளை எல்இடி மேல் சிவப்புப் பிளாஸ்டிக் ஒட்டிய மலிவு ரகம். சோதிக்க ஒரு பழைய சிடி போதும். இருட்டறையில் டார்ச் ஒளியை அதன் பளபளப்பான பக்கத்தில் விழவைத்துச் சாய்த்துப் பாருங்கள். சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்தால் சரி. பக்கத்தில் பச்சையோ நீலமோ எட்டிப்பார்த்தால் வடிகட்டி கசிகிறது.

இனி பட்டன். ஒரே பட்டனை அழுத்த அழுத்த, முழு வெள்ளை, பாதி வெள்ளை, அப்புறம்தான் சிவப்பு என்று போகும் டார்ச்சை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். சிவப்பைத் தேடும்போதே கண்ணில் முழு வெள்ளை அடிக்கும். அரைமணி நேரக் காத்திருப்பில் பெரும்பகுதி அந்த ஒரு நொடியில் போய்விடும். சிவப்புக்குத் தனிப் பட்டன், அல்லது நீண்ட நேரம் அழுத்தினால் நேராகச் சிவப்பு, இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வெளிச்ச அளவும் முக்கியம். சிவப்புதானே என்று முழுசாக ஏற்றினால் குச்சிகள் வெளுக்கத்தான் செய்யும். எழுத்து படிக்க முடிகிற மிகக் குறைந்த அளவுதான் சரியான அளவு. டார்ச்சிலேயே அவ்வளவு குறைக்க முடியாவிட்டால் கண்ணாடி மேல் பேப்பர் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டலாம்.

சிவப்பு ஏமாற்றும் இடங்களும் உண்டு. நிறம் என்பது மூவகைக் கூம்புகளின் சமிக்ஞைகளை மூளை ஒப்பிட்டுச் சொல்வது. ஒரே அலைநீளம் மட்டும் வந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. மிஞ்சுவது கூடுதல் வெளிச்சம், குறைந்த வெளிச்சம் என்ற வித்தியாசம்தான். வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் எழுதியது காணாமல் போகும், நீல மை கறுப்பாக நிற்கும். வரைபடத்தில் சிவப்புக் கோட்டில் பாதை போட்டிருந்தால் பாதையே இருக்காது. ஒயர் இணைக்கவும் மாத்திரை பிரிக்கவும் காயம் பார்க்கவும் வெள்ளைக்கு மாறிவிடுங்கள். தோலின் மேல் ரத்தம்கூடச் சிவப்பு ஒளியில் சரியாகத் தெரியாது.

சிவப்பை உணரும் கூம்பு இல்லாத நிறப்பார்வைக் குறை உள்ளவர்களுக்கு 650 மிக மங்கலாகத் தெரியும். அவர்கள் வாங்குமுன் இருட்டில் போட்டுப் படித்துப் பார்ப்பது நல்லது. வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கும் சிவப்பில் எழுத்து கொஞ்சம் கலங்கும். அந்த ஒளி விழித்திரைக்குச் சற்றுப் பின்னால் குவிவதே காரணம். படிக்கும் கண்ணாடியைக் கையோடு வைத்திருங்கள்.

கடைசியாக, சார்ஜ் காட்டும் பச்சை அல்லது நீலப் பொட்டு விளக்கு. குச்சிகளுக்கு மிகவும் பிடித்த அலைநீளம் அதுதான். டார்ச் தலையில் இருக்கும்போது மாட்டியவருக்கு அது தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு நேராகக் கண்ணில் குத்தும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டிவிடுங்கள்.